கையில் குழந்தை, மேஜையில் கோப்பு: அரசியலில் இருக்கும் அம்மாவுக்கு யார் லீவு கொடுப்பது?

2023 செப்டம்பரில் ஒரு போட்டோ வைரலானது, நினைவிருக்கிறதா? திருவனந்தபுரம் மேயராக இருந்த ஆர்யா ராஜேந்திரன் தன் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார். கையணைப்பில், பிறந்து ஒரு மாதமே ஆன மகள்.

'சிங்கப்பெண்!' என்று ஒரு பக்கம் ஹார்ட்டின்கள் பறந்தன. 'பச்சக் குழந்தையை ஆபீஸுக்குத் தூக்கிட்டு வரணுமா, வீட்ல ஆள் இல்லையா?' என்று இன்னொரு பக்கம் முணுமுணுப்பு.

பாராட்டியவர்களும் சரி, திட்டியவர்களும் சரி, எல்லோர் கண்ணும் அம்மா மேல்தான். அந்தக் குழந்தையின் அப்பா சச்சின் தேவும் அப்போது பதவியில் இருந்தவர்தான். கேரளாவின் பாலுசேரி தொகுதி எம்.எல்.ஏ. அவர் சட்டமன்றத்துக்குப் போன நாளில், 'குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?' என்று யாராவது மைக்கை நீட்டியதாக எங்காவது படித்தீர்களா?

சரி, விஷயத்துக்கு வருவோம். வேலைக்குப் போகும் எல்லா அம்மாக்களுக்கும் இந்தப் பாடு இருக்கிறது. டீச்சருக்கு இருக்கிறது, நர்ஸுக்கு இருக்கிறது, ஐ.டி-யில் இருப்பவருக்கும் இருக்கிறது. ஆனால், ஓட்டு வாங்கி ஜெயித்து வந்த அம்மாவின் பாடு கொஞ்சம் வேறு மாதிரி. ஏன் என்று பார்ப்போம்.

லீவ் லெட்டரை யாரிடம் கொடுப்பது?

நம் நாட்டில் மகப்பேறு பலன் சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்றார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். தமிழ்நாடு அரசு இன்னும் ஒரு படி மேலே போய், 2021 ஜூலை முதல் தன் பெண் ஊழியர்களுக்கு 12 மாத விடுப்பு கொடுத்துவிட்டது.

இதெல்லாம் யாருக்கு? ஊழியர்களுக்கு. எம்.பி-யோ, எம்.எல்.ஏ-வோ, கவுன்சிலரோ யாருக்கும் ஊழியர் இல்லை. அவர்களுக்கு முதலாளி கிடையாது. மக்கள்தான் முதலாளி என்றால், மக்கள் எல்லோரிடமுமா லீவ் லெட்டர் கொடுக்க முடியும்? ஆக, நாட்டுக்கே மகப்பேறு விடுப்புச் சட்டம் போட்ட அவையில் உட்காரும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேடிக்கையாக இல்லை?

அவர்களுக்கு இருப்பது வேறொரு விதி. அரசமைப்புச் சட்டத்தின் 101-வது பிரிவு எம்.பி-க்களுக்கும், 190-வது பிரிவு எம்.எல்.ஏ-க்களுக்கும் ஒரே விஷயத்தைச் சொல்கிறது. அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அந்த இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். பயப்பட வேண்டாம். அவை கூடாமல் நீண்ட நாள் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் அந்த நாள்கள் கணக்கில் வராது. முறையாக அனுமதி கேட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதனால், பிரசவத்துக்குப் போனால் பதவி போய்விடும் என்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டீச்சர் லீவில் போனால், வகுப்புக்கு இன்னொரு டீச்சர் வருவார். எம்.எல்.ஏ-வுக்கு மாற்று ஆள் கிடையாது. அவர் வராத நாளில் அவர் தொகுதியின் கேள்வியை அவையில் அவர் சார்பில் எழுப்ப ஆள் இல்லை. ஓட்டெடுப்பு வந்தால், அந்தத் தொகுதி மக்களின் ஓட்டு அங்கே இல்லை. நேரில் இருப்பவர்கள் போடும் ஓட்டுதான் செல்லும். அதனால்தான் தையல் பிரியாத உடம்போடு சபைக்கு ஓடி வருகிறார்கள்.

சபை நடக்காத நாளிலும் ஓய்வு கிடையாது. காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு, காலை 6 மணிக்குத் 'தண்ணி வரல' என்று ஒரு போன், ராத்திரி 11 மணிக்கு 'கரன்ட் போயிடுச்சு' என்று ஒரு போன். தொட்டிலில் குழந்தை இருக்கிறது என்பது போன் பண்ணுபவருக்குத் தெரியாது.

ஹிர்கணியின் பெயரில் ஓர் அறை

2022 டிசம்பர். மகாராஷ்டிர சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நாக்பூரில் தொடங்கியது. நாசிக் மாவட்டம் தேவ்லாலி தொகுதி எம்.எல்.ஏ சரோஜ் அஹிரே, இரண்டரை மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நாசிக் எங்கே, நாக்பூர் எங்கே? மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது? 'நான் அம்மா, அதேநேரம் என் தொகுதி மக்களின் பிரதிநிதியும் நான்தான்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அதன்பிறகு அவைக்குப் பக்கத்தில் தாய்மார்களுக்காக ஓர் அறை ஒதுக்கினார்கள். அதற்கு மராத்தியில் 'ஹிர்கணி' அறை என்று பெயர். ராய்கட் கோட்டைக்குப் பால் விற்கப் போன பெண் ஹிர்கணி. பொழுது சாய்ந்ததும் கோட்டைக் கதவு அடைக்கப்பட, வீட்டில் பசியோடு காத்திருக்கும் குழந்தைக்காகச் செங்குத்துப் பாறை வழியே இறங்கிப் போனாள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பொருத்தமான பெயர்தான். ஆனால், அடுத்த சில மாதங்களில் மும்பையில் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு வந்த அதே எம.எல்.ஏ, அங்கே கொடுக்கப்பட்ட அறையில் போதிய வசதி இல்லை என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கதவில் பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். உள்ளே சுத்தமான தொட்டில், தண்ணீர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால், ஹிர்கணி இன்னமும் பாறையில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

சக்கர நாற்காலியில் வந்த ஓட்டு

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2019 ஜனவரி 15. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரெக்ஸிட் ஒப்பந்தத்தின் மீது பெரிய ஓட்டெடுப்பு. நிறைமாத கர்ப்பிணியான எம்.பி டூலிப் சித்திக், டாக்டர்கள் குறித்த சிசேரியனைத் தள்ளிவைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டார்.

'அங்கே ஜோடி ஏற்பாடு இருக்குமே?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். இருந்தது. ஒரு கட்சி எம்.பி வர முடியாவிட்டால், எதிர்க்கட்சியில் ஒருவரும் ஓட்டுப் போடாமல் இருந்து கணக்கைச் சமன் செய்வார். எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கும் நம்பிக்கைதான். 2018 ஜூலையில் ஜோ ஸ்வின்சன் என்ற எம்.பி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தபோது, அவருக்கு ஜோடியாக இருந்தவர் போய் ஓட்டுப் போட்டுவிட்டார். 'தவறுதலாக நடந்துவிட்டது' என்று மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த முறை யார் நம்புவார்கள்? அதனால்தான் டூலிப் நேரிலேயே வந்தார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று அரசு தோற்றது 230 ஓட்டு வித்தியாசத்தில். அவர் ஒருவர் வராவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால், அது ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதானே தெரியும்?

அந்தப் படம் உலகம் முழுக்கப் போன பிறகு, இரண்டே வாரத்தில் விதி மாறியது. குழந்தை பெற்ற எம்.பி-க்கள் தங்கள் ஓட்டை இன்னொரு எம்.பி மூலம் போடலாம் என்று முதலில் சோதனை முறையில் கொண்டு வந்தார்கள். 2020-ல் நிரந்தரமாக்கினார்கள். அதே நாடாளுமன்ற வளாகத்தில் முன்பு மது அருந்தும் பாராக இருந்த இடத்தில் 2010-ல் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள் என்பது கூடுதல் தகவல். இத்தனை வருஷம் எது அவசியம் என்று நினைத்திருந்தார்கள், பாருங்களேன்!

இரண்டு பிரதமர்கள், ஒரே தேதி

பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் பிரதமர் பாகிஸ்தானின் பெனசிர் புட்டோ. 1990 ஜனவரியில் மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் போகிறார் என்பதே அமைச்சரவைக்குத் தெரியாதாம். மறுநாளே கோப்புகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அன்றைய நிலவரம் அப்படி. பிரசவம் என்பதை எதிரிகள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டிய பலவீனமாக இருந்தது.

28 வருஷம் கழித்து, 2018 ஜூன் 21-ல் நியூசிலாந்து பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னுக்கு மகள் பிறந்தாள். அந்தத் தேதி பெனசிரின் பிறந்தநாள் என்பது தற்செயல். ஆனால், நடந்த விதம் முழுக்க வேறு. கர்ப்பமாக இருப்பதை ஜனவரியிலேயே நாட்டுக்கு அறிவித்தார். ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் தற்காலிகப் பிரதமராக இருந்தார். டி.வி-யில் மீன்பிடி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த துணைவர் கிளார்க் கேஃபோர்ட், வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அந்த செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா பொதுச்சபைக்கு மூன்று மாதக் குழந்தையோடு போனபோதும், ஜெசிந்தா பேச எழுந்ததும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

அதற்காக எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அதே மாதம் நவ்ரு தீவில் ஒரு மாநாடு. பால் குடிக்கும் குழந்தையை விட்டு மூன்று நாள் இருக்க முடியாது. எனவே, ஒரே நாளில் போய்த் திரும்பத் தனியாக விமானம் போக வேண்டியிருந்தது. 'வரிப்பணம் வீண்' என்று கிளம்பினார்கள். போகாமல் இருந்திருந்தால், 'குழந்தை வந்ததும் கடமை போச்சு' என்றிருப்பார்கள்.

2023 ஜனவரியில் அவர் பதவி விலகினார். இனி இந்த வேலைக்குத் தேவையான தெம்பு தன்னிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த வருஷம் நீ பள்ளிக்கூடம் போகும்போது அம்மா கூட இருப்பேன் என்று மகளுக்கும் ஒரு வரி சொன்னார். உடனே, 'பார்த்தீங்களா, ரெண்டையும் சமாளிக்க முடியாது' என்றார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் பிரதமராக இருந்து, கொரோனாவையும் கடந்து வந்தவரைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு. ஒரு ஆண் பிரதமர் களைத்துப்போய் விலகினால், அதை அவர் பிள்ளைகளின் கணக்கில் எழுதுவோமா?

அதே நியூசிலாந்தில் 2019 ஆகஸ்ட்டில் இன்னொரு படம் வந்தது. சபாநாயகர் ட்ரெவர் மல்லார்ட் தன் நாற்காலியில் உட்கார்ந்து விவாதத்தை நடத்துகிறார். கையில் ஆறு வாரக் குழந்தை, வாயில் பால் பாட்டில். அது அவர் குழந்தை இல்லை; ஓர் ஆண் எம்.பி-யின் குழந்தை. சபை நிற்கவில்லை. வானம் இடிந்து விழவும் இல்லை. ஜப்பானில் 2020-ல் அமைச்சர் ஷின்ஜிரோ கொய்சுமி, குழந்தை பிறந்ததும் மூன்று மாதத்துக்குள் மொத்தமாக இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். இரண்டே வாரம்தான். ஆனால், அந்த நாட்டில் எந்த அமைச்சரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை என்பதால், அதுவே பெரிய செய்தி ஆனது.

நம்ம ஊர் கணக்கு

இதெல்லாம் பிரதமர், எம்.பி கதை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? நமக்குத்தான் இது அதிகம் தேவை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ல் சட்டம் வந்தது. 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகளில் 11-ல் மேயர் பதவி பெண்களுக்கு. வார்டு வார்டாகப் பார்த்தால், கைக்குழந்தையோடும் பள்ளி போகும் பிள்ளைகளோடும் பதவிக்கு வந்த பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

அவர்களுக்குக் கிடைப்பது என்ன? 2023-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த மாத மதிப்பூதியம் மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சி கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. இந்தப் பணத்தில் குழந்தையைப் பார்க்க ஆள் வைக்க முடியுமா? அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது கைகொடுத்தால்தான் வண்டி ஓடும்.

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'நீ பிள்ளையைப் பாரும்மா, கூட்டத்துக்கு நான் போய்க்கிறேன்' என்று வீட்டுக்காரர் கிளம்புவார். கேட்க அன்பாகத்தான் இருக்கும். முதலில் கூட்டம், அப்புறம் போன், கடைசியில் கையெழுத்து. ஜெயித்தவர் அடுப்படியில் இருப்பார். 'தலைவர் வீட்டுக்காரர்' நாற்காலியில் இருப்பார். வடமாநிலங்களில் இதற்கு 'சர்பஞ்ச் பதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதை ஆராய மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவே அமைத்தது.

கிளார்க் கேஃபோர்ட் செய்ததும் உதவிதான். இதுவும் உதவி என்ற பெயரில்தான் வருகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். இவர் பதவியை வாங்கிக்கொள்கிறார்.

நீங்கள் நிற்பதாக இருந்தால்...

உங்களில் யாராவது அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், மனு போடுவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஐந்து விஷயம் பேசிவிடுங்கள்.

1. ஐந்து வருஷத்துக்குக் கேளுங்கள். பிரசாரம் சில வாரத்தில் முடிந்துவிடும். பதவி ஐந்து வருஷம். 'எலெக்ஷன் வரைக்கும் பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க' என்று கேட்டால், அதுவரைக்கும்தான் பார்ப்பார்கள். யார் பார்ப்பது, அவருக்கு முடியாத நாளில் யார் பார்ப்பது என்று இரண்டு பெயர் கையில் இருக்கட்டும்.

2. கணவரின் வேலையைப் பட்டியல் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் விடுவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, ராத்திரிச் சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் பட்டியலில் இருக்கலாம். கூட்டம், கோப்பு, கையெழுத்து, அதிகாரியிடம் பேசுவது ஆகியவை பட்டியலில் வரவே கூடாது.

3. போனுக்கு நேரம் வையுங்கள். வார்டு வேலைக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்வது நல்லது. இத்தனை மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள். வேலை நடந்தால் பழகிவிடுவார்கள்.

4. அறை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்துவிட்டார்கள். உங்கள் ஊர் நகராட்சிக் கூட்ட அரங்குக்குப் பக்கத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறதா? இல்லையென்றால் அதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். மனு கொடுக்க வரும் அம்மாக்களுக்கும், அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் சேர்த்தே அது பயன்படும். கூட்ட நேரத்தைப் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே முடிக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

5. பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். அம்மா என்ன வேலை செய்கிறாள், ஏன் சில பேர் அம்மாவைத் திட்டுகிறார்கள் என்பதை அவர்கள் வகுப்பில் மற்ற பிள்ளைகள் வாயால் கேட்கும் முன் உங்கள் வாயால் கேட்கட்டும். போஸ்டரிலும் ரீல்ஸிலும் அவர்கள் முகத்தைப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். தேர்தலில் நிற்பது நீங்கள், அவர்கள் இல்லை.

நிற்பதாக இல்லையா? அப்படியானால் ஓட்டுப் போடும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் பெண்கள் அவைக்கு வராவிட்டால், பால்வாடியைப் பற்றியும், பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும், தெருவிளக்கு இல்லாத முக்கைப் பற்றியும் அங்கே பேச வேண்டியவர்கள் வராமலே போய்விடுவார்கள். இழப்பு அவர்களுக்கு மட்டும் இல்லை.

அதனால், பெண் வேட்பாளர் வாசலுக்கு வந்தால், ரோடு எப்போ போடுவீங்க, குடிதண்ணி எப்போ வரும் என்று கேளுங்கள். அடுத்து ஆண் வேட்பாளர் கும்பிட்டபடி வந்து நிற்பார். அவரிடமும் ரோட்டையும் தண்ணியையும் கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டுப் பாருங்கள்:

"தம்பி, நீங்க இப்படிச் சுத்துறீங்களே, வீட்ல குழந்தையை யாரு பார்த்துக்கிறாங்க?"

அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.